பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடுமா? – ரேடியோ கார் வாங்குவோருக்குச் சில வார்த்தைகள்



பாடசாலை விடுமுறை நெருங்கும்போது பல வீடுகளில் ஒரு பேச்சு எழும். "அப்பா, ஒரு ஆர்.சி. கார் வாங்கித் தாங்கோ." கேட்பது மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். அம்மா விலையைக் கேட்டுவிட்டு, "விளையாட்டுச் சாமானுக்கு இருநூறு பவுணோ?" என்பார். அப்பா ஊருக்கு அனுப்ப வேண்டிய காசை மனதுக்குள் கணக்குப் பார்ப்பார். பிள்ளை தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்கிற, பெரிய சில்லுகளும் பின்னால் ஒரு செட்டையும் உள்ள கார். ஆங்கிலத்தில் 'பகி' என்கிறார்கள். புல், மண், சரளைக்கல் என்று றோட்டுக்கு வெளியே ஓடுவதற்காகவே செய்யப்பட்டது.

கடந்த இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டில் இப்படியொரு கார் ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டுத் தெரிந்த குடும்பங்கள் சில என்னிடம் விசாரித்தன. எது வாங்குவது, எப்படி ஓட விடுவது, பற்றரி வெடிக்குமாமே உண்மையா என்றெல்லாம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட வானொலியில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அம்மாமாரின் கேள்விக்கு வருகிறேன். இது விளையாட்டுச் சாமானா? கடைகளில் இரண்டு வகை இருக்கின்றன. சுப்பர்மாக்கற்றில் இருபது, முப்பது பவுணுக்கு விற்கிற கார் உண்மையிலேயே விளையாட்டுச் சாமான்தான். அதிலே ஒரு வயர் அறுந்தால், ஒரு பல்லு உடைந்தால் குப்பைக்குத்தான் போகும். மற்றது பொழுதுபோக்குக்காரருக்காகச் செய்கிற கார். அதன் ஒவ்வொரு உறுப்பும் தனியாக விற்பனைக்கு உண்டு. சில்லைத் தாங்குகிற கை உடைந்தால் கையை மட்டும் வாங்கலாம். மோட்டார் எரிந்தால் மோட்டாரை மட்டும் மாற்றலாம். ஓடும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. மலிவுக் காரில் பெரும்பாலும் இடது, வலது, முன், பின் என்று முழுதாக மட்டும் போகும். மற்றதில் கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் அழுத்தினால் மெதுவாக ஓடும்.

ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி வேகத்தைப் பற்றியதல்ல. "இதன் முன்பக்கக் கை உங்களிடம் இப்போது இருக்கிறதா? எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் அந்தக் காரைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். "ஓடர் செய்தால் வரும்" என்றால் யோசியுங்கள். கை உடைவது நிச்சயம். அது எந்த வாரத்தில் உடையும் என்பதுதான் தெரியாது.

இந்தப் பகி கார்களுக்கு ஒரு வரலாறும் உண்டு. யப்பானில் சிசுவோக்கா நகரத்தைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1979இல் றஃப் றைடர், சாண்ட் ஸ்கோர்ச்சர் என்ற இரண்டு கார்களை வெளியிட்டது. 1984இல் கிராஸ்ஹொப்பர், ஹோர்னற் என்று இன்னும் இரண்டு வந்தன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரீம் அசோசியேற்றட் என்ற நிறுவனம் ஆர்.சி. 10 என்ற பந்தயக் காரை வெளியிட்டதும் அதே 1984இல்தான். 83 கலவரத்துக்குப் பிறகு எம்மவர்கள் பலர் இந்த நாட்டில் வந்து இறங்கிய காலம் அது. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தக் கார்களைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஹோர்னற்றை 2004இலும் கிராஸ்ஹொப்பரை 2005இலும் தமியா மறுபடி வெளியிட்டபோது வாங்கியவர்களில் கணிசமானோர் நாற்பது வயதுக்காரர்கள் என்றால் நான் நம்புவேன்.

அந்தக் கார்கள் துண்டு துண்டாகப் பெட்டிக்குள் வரும். வாங்கியவரே பூட்ட வேண்டும். இப்போது பிள்ளைகள் கேட்பது 'ரெடி ரூ ரன்', அதாவது பூட்டி முடித்து, ஓடத் தயாராக வருகிற கார். பெட்டியில் அப்படித்தான் எழுதியிருக்கும். அந்த எழுத்தை முழுதாக நம்பிவிடக்கூடாது. பெட்டிக்கு வெளியே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன இல்லை என்பதைப் பாருங்கள். பலவற்றில் கொன்ரோலருக்குரிய நான்கு சிறிய ஏஏ பற்றரிகள் இருக்காது. சிலவற்றில் காரின் பற்றரியும் சார்ஜரும்கூட இருக்காது. ஆகவே காரின் விலைக்கு மேல் இன்னுமொரு எண்பது, நூறு பவுண் ஒதுக்கிவிட்டு அதன் பிறகு விலையைப் பேசுங்கள். கையில் இருநூற்றைம்பது பவுண் இருந்தால் நூற்றைம்பது பவுண் காரைத்தான் பார்க்க வேண்டும். கடைசிச் சதம் வரை காருக்கே கொடுத்துவிட்டு, மலிவான சார்ஜர் ஒன்றை இணையத்தில் தேடுவதுதான் மோசமான வழி.

இனி அளவு. பத்தில் ஒன்று, எட்டில் ஒன்று என்று சொல்வார்கள். பத்தில் ஒன்று அளவுள்ள பகி ஏறத்தாழ நாற்பது சென்ரிமீற்றர் நீளமும், பற்றரியோடு ஒன்றரை, இரண்டு கிலோ எடையும் இருக்கும். எட்டில் ஒன்று பெரிது. மூன்று கிலோவையும் தாண்டும். முதற் காருக்குப் பத்தில் ஒன்று போதும்.

மோட்டாரிலும் இரண்டு வகை. பழைய முறையில் உள்ளே கார்பன் தூரிகைகள் உராய்ந்து மின்சாரம் கொடுக்கும். மற்றது தூரிகை இல்லாத மோட்டார். இது கூடிய வேகம், கூடிய ஆயுள், கூடிய விலை. தூரிகை மோட்டார் உள்ள கார் மணிக்கு இருபது, இருபத்தைந்து மைல் ஓடும். தூரிகை இல்லாததில் ஐம்பது மைல் ஓடக்கூடியவை உண்டு. பிள்ளைகள் ஐம்பதைத்தான் கேட்பார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஒரு பொருள் இருபத்தைந்து மைல் வேகத்தில் வந்து மோதினால், அது ஆறு மீற்றருக்குச் சற்று மேலே இருந்து விழுந்ததற்குச் சமன். அதாவது இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து இரண்டு கிலோ அரிசிப் பையைக் கீழே போடுவது போல. வேகம் இரண்டு மடங்கானால் உயரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். ஐம்பது மைல் என்றால் இருபத்தைந்து மீற்றர், எட்டு மாடி. அந்தப் பை பார்க்கில் ஓடி விளையாடுகிற மூன்று வயதுக் குழந்தையின் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. என் மகனுக்குப் பதின்மூன்று வயது. இந்தக் கணக்கை அவனையே கொண்டு போட வைத்தேன். அதற்குப் பிறகு ஐம்பது மைல் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக ஆசை போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

பின்சில்லு இரண்டினால் மட்டும் ஓடுகிற கார்கள் உண்டு. ட்ராக்சாஸ் நிறுவனத்தின் பண்டிற் அப்படியானது. ஆர்மா நிறுவனத்தின் ரைஃபோன் போன்றவை நான்கு சில்லாலும் ஓடுபவை. இரண்டு சில்லுக் காரில் உறுப்புகள் குறைவு, திருத்துவது இலகு. ஆனால் ஈரப்புல்லில் வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். இந்த நாட்டில் புல் எப்போது ஈரமில்லாமல் இருந்தது? நான் நான்கு சில்லுப் பக்கம்.

இப்போது பற்றரி. என் பேச்சில் கூடிய நேரத்தை இதற்குத்தான் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களையும் வானொலிக்குப் பக்கத்தில் கூப்பிடுங்கள்.

இரண்டு வகைப் பற்றரி பாவனையில் இருக்கிறது. ஒன்று நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். ஆறு கலங்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று, மொத்தம் 7.2 வோல்ற்று. பாரம் கூட, சக்தி குறைவு, ஆனால் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். மற்றது லித்தியம் பொலிமர், சுருக்கமாக லிப்போ. ஒரு கலம் 3.7 வோல்ற்று. இரண்டு கலம் சேர்ந்தால் 7.4, மூன்று சேர்ந்தால் 11.1. பாரம் குறைவு, சக்தி கூட, ஆனால் பொறுமை இல்லாதது. லிப்போவின் ஒரு கலத்தை 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஏறத்தாழ 3.2க்குக் கீழே இறங்கவும் விடக்கூடாது. அளவுக்கு மேல் ஏற்றினாலோ, மோதி நசுங்கினாலோ, துளைபட்டாலோ அது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளத் தொடங்கும். ஒரு கலம் எரிந்து அடுத்த கலத்தையும் எரிக்கும். உள்ளே இருக்கிற திரவமும் தீப்பற்றக்கூடியது. மின்சைக்கிள்களில் இருப்பதும் லித்தியம் இனத்துப் பற்றரிதான். வீட்டுக்குள் அவை தீப்பிடிப்பது பற்றி லண்டன் தீயணைப்புப் படை அண்மைய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எச்சரித்து வருவதைக் கேட்டிருப்பீர்கள். கார்ப் பற்றரி அவற்றைவிடச் சின்னது. ஆனால் ஒரு கட்டிலை எரிக்க அது போதும்.

எம்மில் பலர் இருப்பது அடுக்குமாடி வீடுகளில், கடைக்கு மேலே உள்ள வீடுகளில். ஒரு வாசல், ஒரு படிக்கட்டு. ஆகவே சார்ஜ் ஏற்றும் இடம் முக்கியம். படுக்கையறை வேண்டாம். கம்பளம், சோபா வேண்டாம். வெளியேறும் வழியிலுள்ள கொரிடோர் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் தீ நிற்கும். சீமெந்துத் தரை அல்லது ஓடு பதித்த தரை, பக்கத்தில் திரைச்சீலை இல்லாத இடம் பார்த்து வையுங்கள். லிப்போவுக்கென்றே தீயைத் தாங்கும் பைகள் விற்கிறார்கள். அதிகம் விலையில்லை. பை தீயை முழுதாக அடக்கிவிடும் என்று நம்பாதீர்கள். அது உங்களுக்குச் சில நிமிடம் வாங்கித் தரும். சார்ஜ் ஏறும்போது விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில், பார்வை படும் தூரத்தில் இருக்க வேண்டும். இரவு போட்டுவிட்டுக் காலையில் எடுக்கிற பழக்கம் கைத்தொலைபேசியோடு நிற்கட்டும். புகை அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். அதையும் மீறிப் பிடித்தால் அணைக்கப் போகாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேறி 999க்கு அழையுங்கள்.

சார்ஜர் லிப்போவுக்குரியதாகவும், கலங்களைச் சமன்செய்து ஏற்றுவதாகவும் இருக்க வேண்டும். பற்றரியில் தடித்த வயர் ஒரு சோடியும், மெல்லிய வயர்கள் சேர்ந்த வெள்ளைச் செருகியும் இருக்கும். அந்த வெள்ளைச் செருகியையும் சார்ஜரில் குத்தினால்தான் ஒவ்வொரு கலத்தையும் அது தனித்தனியாகப் பார்க்கும். ஏற்றும் அளவுக்கு ஒரு இலகுவான கணக்கு இருக்கிறது. பற்றரியில் 5000 என்று எழுதியிருந்தால் 5 அம்பியர், 3000 என்றால் 3 அம்பியர். ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் ஏறிவிடும். ஓடி முடித்த சூட்டோடு ஏற்ற வேண்டாம், ஆறட்டும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் முழுதாக ஏற்றியோ முழுதாக இறக்கியோ வைக்காமல் ஒரு கலத்துக்கு 3.8 வோல்ற்று அளவில் வையுங்கள். நல்ல சார்ஜரில் அதற்கென்றே 'ஸ்ரோரேஜ்' என்று ஒரு தெரிவு இருக்கும்.

காருக்குள்ளும் ஒன்று பார்க்க வேண்டும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிற ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதில் எந்த வகைப் பற்றரி என்று குறிக்க ஒரு சிறு செருகியோ பொத்தானோ இருக்கும். நிக்கல் என்று குறித்துவிட்டு லிப்போவைப் பூட்டினால், பற்றரி இறங்கும்போது அது காரை நிறுத்தாது. அடி வரை உறிஞ்சிவிடும். அடுத்த தடவை சார்ஜ் ஏற்றும்போதுதான் ஆபத்து தெரியும். கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள்.

பற்றரியின் அருமை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது ரோச் லைற் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளைக் கவிட்டு வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். செத்துப்போன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்கு உயிர் கொடுத்தவர்கள். அந்தக் கை எதையும் இலேசில் எறியாது. இங்கே எனக்குப் பயம் அந்தக் கையைப் பற்றித்தான். வீங்கிப்போன லிப்போவைக் கண்டால், "இன்னும் கொஞ்ச நாளைக்குப் பாவிக்கலாம்" என்று மனம் சொல்லும். பாவிக்க முடியாது. தலையணை மாதிரி ஊதியிருந்தால், உறை கிழிந்திருந்தால், ஒரு கலம் மற்றதைவிட நன்றாகக் கீழே நின்றால் அதன் கதை முடிந்தது. இருபது, முப்பது பவுண் போனது போனதுதான். வீட்டுக் குப்பைக்குள் போடவும் கூடாது. லொறியில் நசுங்கித் தீப்பிடிக்கும். வாங்கிய கடையில் அல்லது உங்கள் கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்தில் விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அது வரைக்கும் வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் இருக்கட்டும்.

தொடக்கத்தில் நிக்கல் பற்றரியே போதும் என்பது என் அபிப்பிராயம். ஒரு 3000 பற்றரியில் பதினைந்து, இருபது நிமிடம் ஓடும். பிள்ளை ஒழுங்கு பழகின பிறகு லிப்போவுக்குப் போகலாம். அதற்கும் மேற்பார்வை தேவைதான். ஆனால் தவறினால் கொடுக்கும் விலை சிறியது.

சரி, கார் வீட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளை உடனே வெளியே ஓடப் பார்க்கும். அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் அவசரமாகப் பூட்டிய கார் அது. ஒவ்வொரு திருகாணியையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். பெட்டிக்குள் 'எல்' வடிவில் ஒரு சின்னத் திறப்பு வரும். அதைத் தூர வைத்துவிட்டு ஒன்றரை, இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் அளவுள்ள நல்ல அறுகோணத் திருகிகள் வாங்குங்கள். மலிவான திறப்பு திருகாணியின் தலையைத் தின்றுவிடும். பிறகு கழற்றவே முடியாது. தமியா கார்களில் பெரும்பாலும் நட்சத்திரத் தலைத் திருகாணி வரும். அதற்கு வேறு திருகி.

பிளாஸ்ரிக்கில் ஏறுகிற திருகாணியைப் பிடித்தவுடன் நிறுத்துங்கள். பலத்தைக் காட்டினால் உள்ளே புரி அழிந்துவிடும். இரும்பில் ஏறுகிற திருகாணி ஆட்டத்தில் தானாகக் கழரும். அதைக் கழற்றி, நீல நிறத் திருகாணிப் பசை ஒரு துளி வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். இந்தப் பசையைப் பிளாஸ்ரிக்கில் பட விடாதீர்கள், சிலவற்றை அது வெடிக்கச் செய்யும்.

மிக முக்கியமானது பற்சில்லுகள். மோட்டார்த் தண்டில் ஒரு சின்னப் பற்சில்லு, அதோடு சேர்ந்து ஓடுகிற பெரிய பற்சில்லு ஒன்று. இவை இரண்டும் இறுகி நின்றால் மோட்டார் சூடாகும். விலகி நின்றால் பல்லுத் தின்னும். எங்கள் வீட்டுக் காரை முதல் நாள் மேசையில் வைத்துச் சற்று ஓட விட்டபோது எனக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது. மூலையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த என் மாமனார் தலையை நிமிர்த்தினார். "தம்பி, நிப்பாட்டும். பல்லு இறுகிப்போய்க் கிடக்குது. சத்தத்தைக் கேளும், அழுகிற மாதிரி இல்லையே?" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேல் லொறி திருத்தினவர். இந்த நாட்டுக்கு வந்தபோது அந்தத் தொழிலுக்குக் கையில் ஒரு கடதாசியும் இல்லை. பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றார். இங்கே அவர் ஒரு ஸ்பனரைத் தூக்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, "இஞ்சை வா ராசா, கொப்பியிலை ஒரு கடதாசி கிழி" என்று பேரனைக் கூப்பிட்டார். மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தினார். மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை இரண்டு பற்சில்லுகளுக்கும் நடுவில் கொடுத்து, மோட்டாரைத் தள்ளி, இறுக்கினார். பிறகு பெரிய பற்சில்லைக் கையால் சுற்றிக் கடதாசியை வெளியே எடுத்தார். கடதாசியில் பல்லுத் தடம் ஒழுங்காக விழுந்திருந்தது. கிழியவில்லை. அதோடு விடவில்லை. பெரிய பற்சில்லைக் கால்வாசி, கால்வாசியாகத் திருப்பி நான்கு இடத்திலும் விரலால் ஆட்டிப் பார்த்தார். "எந்தச் சில்லும் முழு வட்டமில்லை. இறுகிற இடத்திலைதான் அளவு பார்க்கவேணும்" என்றார். கையேட்டிலும் கடதாசி முறைதான் போட்டிருக்கிறது. நான்கு இடத்தில் பார்க்கச் சொல்லி அதில் இல்லை.

மகனுக்குப் 'பற்சில்லு' என்ற சொல் அன்றுதான் தெரிந்தது. அம்மப்பாவுக்கு 'ஸ்பேர் கியர்' என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது இருவரும் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஊரில் மெக்கானிக்காக, தச்சராக, கடிகாரம் திருத்துபவராக இருந்த பெரியவர் யாராவது இருந்தால், கார்ப் பெட்டியை அவருக்கு முன்னால் வைத்து உடையுங்கள். சின்னத் திருகாணிக்குக் கண் போதாவிட்டாலும் காது இருக்கும்.

மற்றவை இலகுவானவை. காரை ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் விட்டுப் பாருங்கள். துள்ளித் துள்ளி ஆடாமல் ஒரே மூச்சில் அமர வேண்டும். ஒரு மூலை மட்டும் துள்ளினால் அந்தப் பக்கத்து எண்ணெய் ஒழுகியிருக்கும். சில்லு நட்டு பத்தில் ஒன்று கார்களில் பொதுவாக ஏழு மில்லிமீற்றர், எட்டில் ஒன்றில் பதினேழு. இறுக்கிய பிறகும் சில்லு தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். சில்லின் சாய்வு, எண்ணெயின் தடிப்பு எல்லாம் பந்தயக்காரர் வேலை. அதற்கு அவசரமில்லை.

இனி ரேடியோ. முன்பு கொன்ரோலருக்குள்ளும் காருக்குள்ளும் படிகம் ஒன்று செருகுவார்கள். இங்கே தரையில் ஓடுபவற்றுக்கு 27, 40 மெகாஹேட்ஸ். இருவர் ஒரே படிகத்தோடு வந்துவிட்டால் ஒருவர் ஓட மற்றவர் நிறுத்த வேண்டும். இப்போது விற்கிற கார்கள் 2.4 கிகாஹேட்ஸில் தம் கொன்ரோலரை மட்டும் அறிந்துகொள்பவை. அந்தச் சண்டை இல்லை. யாராவது பழைய கார் இலவசமாகத் தந்தால் மட்டும் படிகத்தைப் பாருங்கள்.

ஒரு ஒழுங்கு எப்போதும் மாறக்கூடாது. முதலில் கொன்ரோலரைப் போடுங்கள், பிறகு காரை. நிறுத்தும்போது முதலில் கார், பிறகு கொன்ரோலர். மாறினால் தலைவன் இல்லாத கார் எங்காவது பாயலாம். அடுத்ததாக, சில்லுகள் தரையில் படாமல் காரை ஒரு பெட்டியின் மேல் வைத்து, மெதுவாக ஓட விட்டு, வேண்டுமென்றே கொன்ரோலரை நிறுத்துங்கள். சில்லும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் காரை வெளியே கொண்டுபோக வேண்டாம். கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பற்றரி ஓய்ந்தோ தூரம் கூடியோ தொடர்பு அறுந்தால் கார் நிற்குமா, பாயுமா என்பதை இந்தச் சோதனைதான் காட்டும்.

நேராக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? கொன்ரோலரில் 'ட்ரிம்' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைத் திருப்பி நேராக்குங்கள். பல கொன்ரோலர்களில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிற வசதியும் இருக்கிறது. முதல் பத்துப் பற்றரிக்குப் பாதியிலேயே ஓடட்டும். கார் உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். அது மூளைக்குப் பழக நாளெடுக்கும். நான்கு வெற்றுப் போத்தலை நிறுத்தி எட்டுப் போட விடுங்கள். என் மகள் அண்ணனைவிட முந்திப் பழகினாள், அவன் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கே ஓடுவது? றோட்டு வேண்டாம், நடைபாதை வேண்டாம். பார்க் என்றால் வாசலில் உள்ள அறிவித்தல் பலகையைப் பாருங்கள், கவுன்சிலின் விதிகள் இடத்துக்கிடம் வேறுபடும். காலையில் ஆட்கள் வருமுன் போவது நல்லது. நாயோடு ஒருவர் வந்தால் காரை நிறுத்திவிட்டு ஒரு காலை வணக்கம் சொல்லுங்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் சேர்ந்து நின்றாலே ஒரு விதமாகப் பார்க்கிறவர்கள் சில இடங்களில் உண்டு. ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றால் பேச்சு வேறு விதமாகத் தொடங்கும். ஒழுங்காக ஓட விரும்புவோருக்கு ஊருக்கு ஊர் கழகங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் ரேடியோ கார் அசோசியேஷன் என்ற அமைப்பின் கீழ் பல இயங்குகின்றன. போய்ச் சும்மா பார்க்கலாம். அங்கத்துவம் எடுப்பதானால் காப்புறுதி பற்றியும் கேளுங்கள்.

நீண்ட புல் ஆகாது. அச்சில் சுற்றி மோட்டாரைச் சூடாக்கும். ஒரு பற்றரி முடிந்ததும் மோட்டாருக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மூன்று விநாடி விரலை வைத்திருக்க முடியாவிட்டால் அது மிகச் சூடு. கால் மணித்தியாலம் ஆறட்டும். கடற்கரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். 'வோட்டர் புரூவ்' என்று பெட்டியில் எழுதியிருப்பது மின் உறுப்புகளைத்தான். பெயாரிங்குகள் துருப்பிடிக்கும், உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாக. சவுத்எண்ட் பயணத்தில் காரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

ஓடி வந்ததும் பற்றரியைக் கழற்றி வெளியே எடுங்கள். அது காருக்குள் இருக்கவே கூடாது. பழைய பெயின்ற் தூரிகையால் மண்ணைத் தட்டி, ஈரத்தைத் துடைத்து, பெயாரிங்குகளுக்கு ஒரு துளி எண்ணெய் விடுங்கள். இந்த வேலை பிள்ளையுடையது. பெற்றோர் செய்து கொடுக்க வேண்டாம்.

எங்கள் கார் இதுவரை முன்கை மூன்று, பின்கை ஒன்று, பெரிய பற்சில்லு ஒன்று தின்றிருக்கிறது. எல்லாம் சேர்த்து நாற்பது பவுணுக்குள். மூன்றாவது முன்கையை மகளே மாற்றினாள். பழைய பற்சில்லு அம்மப்பாவின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

அடுத்த மாதம் இதே நேரத்தில் வேறொரு நேயர் பேசுவார். பற்றரி பற்றிக் கேள்வி இருப்பவர்கள் நிலையத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பி வைப்பார்கள், முடிந்தவரை பதில் தருகிறேன்.